எலும்பு சேர்ந்த பிறகு அறும் நாண்

மணிக்கட்டு முறிந்து ஆபரேஷன் செய்துகொண்டவர் கேட்கக் காத்திருக்கும் வாக்கியம் ஒன்றுதான்: ‘எலும்பு சேர்ந்துவிட்டது.’ எக்ஸ்-ரேயில் முறிவுக் கோடு மறைந்திருக்கும். டாக்டர் வைத்த உலோக பிளேட் படத்தில் வெள்ளையாக, கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். தையல் தழும்பும் மங்கத் தொடங்கியிருக்கும். படத்தை ஒரு உறையில் போட்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர், மறுபடி ஆஸ்பத்திரிப் பக்கம் போகவேண்டிய காரணம் எதையும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆறு மாதமோ ஒரு வருடமோ, சில சமயம் அதற்கு மேலுமோ கழிந்து, ஒரு காலையில் சட்டைப் பொத்தானைப் போடும்போது கட்டைவிரலின் நுனி மடங்க மறுக்கிறது. விழவில்லை, அடிபடவில்லை, பெரிய வலியும் இல்லை. ஆனால் சப்பாத்தியைப் பிய்க்க முடியவில்லை. சாவியைத் திருப்ப முடியவில்லை. பேனா நழுவுகிறது. உள்ளே நடந்தது இதுதான்: கட்டைவிரல் நுனியை மடக்கும் தசைநாண், பிளேட்டின் விளிம்பில் மாதக்கணக்கில் உரசியிருக்கிறது. இழை இழையாகத் தேய்ந்து, கடைசி இழையும் அன்று காலை அறுந்திருக்கிறது.

மணிக்கட்டு முறிவுக்கு பிளேட் வைப்பவர்களில் இப்படி நாண் அறுபவர்கள் குறைவு. பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தால் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர். நாணின் உறை வீங்கி வலிப்பதோடு நிற்பவர்கள் அதைவிடச் சற்று அதிகம். சிறிய எண்ணிக்கைதான். ஆனால் பெரியவர்களுக்கு மிகச் சாதாரணமாக ஏற்படும் முறிவுகளில் ஒன்று இது. குளியலறையில் வழுக்கும் பாட்டியும், டூ வீலரிலிருந்து சரியும் இளைஞரும், ஓடும் ரயிலிலிருந்து இறங்கித் தடுமாறுகிறவரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள் - கையை முன்னால் நீட்டி ஊன்றுகிறார்கள். உடம்பின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்குகிறது. இத்தனை பெரிய கூட்டத்தில் நூற்றுக்கு ஒன்று என்பதும் கணிசமான தொகை. அதிலும் இது பெரும்பாலும் தவிர்க்கக்கூடிய விபத்து என்பதுதான் உறுத்துகிறது.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வது நல்லது. நம் பேச்சில் தோலுக்கடியில் கயிறு மாதிரி தட்டுப்படுவதெல்லாம் ‘நரம்பு’. ரத்தக்குழாய் புடைத்தாலும் நரம்பு, கழுத்து பிடித்துக்கொண்டாலும் நரம்பு. பழந்தமிழில் யாழின் தந்திக்கே நரம்பு என்று பெயர் என்பதால் மக்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மருத்துவத்தில் நரம்பு என்பது மூளைக்கும் உடம்புக்கும் இடையே செய்தி கொண்டுபோகும் கம்பி. தசையை எலும்போடு கட்டி, தசை சுருங்கும்போது எலும்பை இழுக்கிற வெண்ணிறக் கயிறு வேறு. அதற்குத் தசைநாண் என்று பெயர் வைத்தவர் யாரோ, வில்லின் நாணை மனதில் வைத்திருந்திருக்க வேண்டும். பொருத்தமான சொல். நடைமுறையில் இந்தக் குழப்பத்துக்கு ஒரு விலை உண்டு. ‘கட்டைவிரல்ல நரம்பு இழுக்குது டாக்டர்’ என்று நோயாளி சொன்னால், அவசரத்தில் இருக்கும் டாக்டர் நரம்புக்கான வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடலாம். நாண் தேய்ந்துகொண்டே இருக்கும்.

பிளேட் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பது ஒரு தனிக் கதை.

மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஆரை எலும்பின் நுனி முறிந்து, முறிந்த துண்டு புறங்கைப் பக்கமாகச் சாயும் இந்த முறிவை அயர்லாந்தின் டப்ளின் நகர அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814-இல் விவரித்து எழுதினார். ராண்ட்கன் எக்ஸ்-ரேயைக் கண்டுபிடிப்பதற்கு 81 வருடம் முன்பு, கையால் தடவிப் பார்த்தே இதைச் செய்தார். கை சற்றுக் கோணலாகச் சேர்ந்தாலும் நாளடைவில் நோயாளி வலியின்றிப் பழையபடி இயங்குவார் என்பது அவருடைய நம்பிக்கை. இந்த நம்பிக்கை எல்லாருக்கும் பொருந்தாது என்று பிற்காலத்தவர்கள் அவரைத் திருத்தினார்கள். ஆனால் முதியவர்கள் விஷயத்தில் அவர் சொன்னது அவ்வளவு தவறில்லை என்று இருநூறு வருடம் கழித்து ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்குப் பிறகு வருவோம்.

மாவுக்கட்டு, வெளியிலிருந்து செருகும் கம்பிகள் என்று காலம் ஓடியது. பிளேட் வைக்கத் தொடங்கியபோது டாக்டர்கள் இயல்பான தர்க்கத்தைப் பின்பற்றினார்கள். எலும்பு புறங்கைப் பக்கம் சாய்கிறது, எனவே புறங்கைப் பக்கத்தில் முட்டுக் கொடுப்போம். இங்கேதான் நாண்கள் முதலில் பழிவாங்கின. மணிக்கட்டின் பின்புறம் விரல்களை நீட்டும் நாண்கள் ஆறு தடங்களில் எலும்பை ஒட்டியே ஓடுகின்றன. இடையில் மெத்தை போல எதுவும் இல்லை. பிளேட்டும் திருகாணித் தலைகளும் நேராக நாணின் அடியில் நின்றன. வீக்கம், உரசல், அறுதல். 1990களில் வந்த மெல்லிய பிளேட்டுகளும் இந்தத் தொல்லையிலிருந்து தப்பவில்லை. பின்புறம் பிளேட் வைத்த பலருக்கு அதை எடுப்பதற்கென்றே இன்னொரு ஆபரேஷன் தேவைப்பட்டது.

அமெரிக்காவில் மயாமி நகரின் கை அறுவை மருத்துவர் ஹோர்ஹே ஓர்பாய் 2000-ஐ ஒட்டிய வருடங்களில் இந்தத் தர்க்கத்தைத் தலைகீழாக்கினார். பிளேட்டை உள்ளங்கைப் பக்கம் வைத்தார். அந்தப் பக்கம் எலும்பு குழிவாக இருக்கிறது. அதன் மேல் சதுரமான சிறு தசை ஒன்று போர்த்தியிருக்கிறது. விரல்களை மடக்கும் நாண்கள் அதற்கும் மேலே, சற்று விலகி ஓடுகின்றன. ஆனால் பின்னால் சாயும் எலும்பை முன்னாலிருந்து எப்படிப் பிடித்து நிறுத்துவது? இதற்கு விடை திருகாணியில் இருந்தது. தலையிலும் மரை வெட்டிய திருகாணி பிளேட்டின் துளையிலேயே பூட்டிக்கொள்ளும். பிளேட்டும் திருகாணிகளும் சேர்ந்து ஒரே சட்டமாகிவிடும். சுண்ணாம்புச் சத்து குறைந்து பொறபொறத்துப்போன எலும்பிலும் இந்தச் சட்டம் பிடித்து நிற்கும். சாதாரணத் திருகாணி அப்படிப்பட்ட எலும்பில் உளுத்த மரத்தில் அடித்த ஆணி மாதிரி கழன்றுவிடும். ‘லாக்கிங் பிளேட்’ என்று இன்று இந்திய நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் சாதாரணமாகப் புழங்கும் சொல் இதைத்தான் குறிக்கிறது.

பலன் கண்கூடு. ஆறு வாரம் மாவுக்கட்டோடு கிடந்த கை இப்போது ஓரிரு வாரத்தில் அசையத் தொடங்கியது. எக்ஸ்-ரே அழகாக இருந்தது. உலகம் முழுவதும் டாக்டர்கள் இந்த முறைக்குத் தாவினார்கள். தாவிய வேகத்தில், ஓர்பாய் வற்புறுத்திய ஒரு விஷயத்தைப் பலர் கவனிக்கவில்லை.

எலும்பின் உள்ளங்கைப் பக்கக் குழிவு மூட்டுவரை அப்படியே போவதில்லை. மூட்டின் விளிம்பை நெருங்கும்போது மேடாக எழுந்து மறுபடி சரிகிறது. அந்த மேட்டின் முகட்டுக்கு ‘வாட்டர்ஷெட் லைன்’ என்று பெயர். மலையில் மழைநீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிரியும் இடத்துக்குச் சொல்லும் பெயர்தான். நீர்பிரி கோடு என்று வைத்துக்கொள்ளலாம். கோட்டுக்கு இப்பால், அதாவது முழங்கைப் பக்கம், பிளேட் இருந்தால் குழிவுக்குள் பதுங்கிக் கிடக்கும். கோட்டைத் தாண்டினால் துருத்தி நிற்கும். அந்த முகட்டின் மேல்தான் நாண்கள் எலும்புக்கு மிக அருகில் வருகின்றன. விரல்களை மடக்கும் ஒன்பது நாண்கள் மணிக்கட்டுச் சுரங்கத்துக்குள் நுழைகின்றன. அவற்றில் ஆரை எலும்பை ஒட்டிப் போவது கட்டைவிரலை மடக்கும் நீள நாண். எனவே உள்ளங்கைப் பக்கத்தில் முதல் பலி அதுதான். அடுத்தது பெரும்பாலும் ஆட்காட்டி விரலின் நாண்.

கட்டைவிரல் ஒரு நாளில் எத்தனை தடவை மடங்கி நிமிர்கிறது என்று யாரும் எண்ணுவதில்லை. பூக்கட்டுவது, பீடி சுற்றுவது, துணி தைப்பது, நோட்டு எண்ணுவது, செல்போனில் தட்டுவது எல்லாம் அதன் வேலை. ஒவ்வொரு தடவையும் நாண் அந்த உலோக விளிம்பின் மேல் போய் வருகிறது. கிணற்றுக் கயிறு கல்லையே தேய்க்கும். இங்கே தேய்வது கயிறு.

2011-இல் அமெரிக்க மருத்துவர் சூங்கும் அவருடைய சகாக்களும் இதை அளக்க ஒரு சுலபமான வழியை வெளியிட்டார்கள். பக்கவாட்டு எக்ஸ்-ரேயில், எலும்பின் உள்ளங்கைப் பக்க விளிம்பைத் தொட்டு, எலும்புத் தண்டுக்கு இணையாக ஒரு கோடு போட வேண்டும். பிளேட் கோட்டுக்குள் அடங்கினால் பூஜ்யம். கோட்டைத் தாண்டித் துருத்தியும் மூட்டு விளிம்புக்கு வராமல் நின்றால் ஒன்று. விளிம்பின் மேலேயே அல்லது அதையும் தாண்டி உட்கார்ந்திருந்தால் இரண்டு. இரண்டாம் நிலையில் இருப்பவர்களுக்கு நாண் அறும் ஆபத்து அதிகம். இதற்கு ஸ்கேன் வேண்டாம், புதுக் கருவி வேண்டாம். ஆபரேஷன் முடிந்ததும் எப்படியும் எடுக்கும் எக்ஸ்-ரேயும் ஒரு ஸ்கேலும் போதும்.

பிளேட் ஏன் கோட்டைத் தாண்டுகிறது? எல்லாம் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. மூட்டு விளிம்பிலேயே சிறு துண்டுகளாக நொறுங்கிய முறிவுகள் உண்டு. அந்தத் துண்டுகளைப் பிடிக்க வேறு வழியில்லாமல் பிளேட்டை முன்னே தள்ளித்தான் வைக்க வேண்டியிருக்கும். அப்படி வைப்பவர் தெரிந்தே வைக்கிறார். எலும்பு சேர்ந்ததும் எடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய திட்டத்திலேயே இருக்கும். சாய்ந்த எலும்பை முழுதாக நிமிர்த்தாமல் பிளேட்டை வைத்தாலும் அதன் முனை தூக்கிக்கொண்டு நிற்கும். சின்ன மணிக்கட்டுக்கு அகலமான பிளேட் வைத்தாலும் இதே கதி. முறிவு எளிது, பிளேட் மட்டும் தள்ளிப்போய் உட்கார்ந்துவிட்டது என்றால் அதற்குச் சமாதானம் சொல்வது கடினம்.

இது பாதிக் கதைதான். பிளேட் முன்பக்கம் போனதால் பின்பக்க நாண்கள் தப்பித்தன என்று நினைத்தால் அதுவும் இல்லை. முன்னாலிருந்து போடும் திருகாணி எலும்பைத் துளைத்துப் பின்னால் எட்டிப் பார்க்கலாம். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் போதும். அந்த முனை ரம்பம் போல நீட்டும் நாண்களை அறுக்கும்.

திருகாணி நீண்டிருந்தால் எக்ஸ்-ரேயில் தெரியாதா? தெரியாமல் போக வாய்ப்பு அதிகம். எலும்பின் பின்புறம் சமதளமில்லை. நடுவில் ஒரு முண்டு இருக்கிறது. கிருமிநாசினி ஆபரேஷனைக் கொண்டுவந்த ஜோசப் லிஸ்டரின் பெயரில் அதை லிஸ்டர் முண்டு என்பார்கள். பக்கவாட்டுப் படத்தில் இந்த முண்டுதான் எலும்பின் கடைசி எல்லையாகத் தெரியும். அதற்கு இரு பக்கமும் உள்ள பள்ளங்களில் துருத்தும் திருகாணி முனைகள் முண்டின் நிழலில் மறைந்துகொள்ளும். குன்றுக்குப் பின்னால் நிற்கும் பனைமரம் சாலையிலிருந்து தெரியாது அல்லவா, அது மாதிரி. இதைக் கண்டுபிடிக்க மணிக்கட்டை நன்றாக மடக்கி, கையின் நீளவாட்டில் கதிர் பாயும்படி ஒரு படம் எடுக்க வேண்டும். ஆபரேஷன் மேஜையிலேயே, அங்கே நிற்கும் எக்ஸ்-ரே இயந்திரத்திலேயே எடுக்கலாம். ஒரு நிமிட வேலை. திருகாணி நீளமென்றால் அப்போதே மாற்றிவிடலாம்.

இன்னொரு வழி, திருகாணியைப் பின்பக்கம்வரை கொண்டுபோகாமலே விடுவது. பூட்டிக்கொள்ளும் திருகாணி எலும்பின் ஆழத்தில் முக்கால் பங்கு போனாலே பிடிப்பு போதும் என்று 2012-இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனைச்சாலை ஆய்வு காட்டியது. பழைய பள்ளியில் படித்த டாக்டர்களுக்கு இதை ஏற்க மனம் வராது. திருகாணி மறுபக்கத்தைக் கவ்வ வேண்டும் என்றுதான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

பின்பக்கத்தில் அடிக்கடி அறுவது கட்டைவிரலை நீட்டித் தூக்கும் நாண். லிஸ்டர் முண்டை ஒரு கப்பி போலச் சுற்றி வளைந்து போகும் நாண் இது. அந்த வளைவில் ரத்த ஓட்டமும் குறைவு. 19-ஆம் நூற்றாண்டில் பிரஷ்ய ராணுவத்தில் முரசு கொட்டுவோருக்கு இடது கைக் கட்டைவிரல் திடீரென்று தொங்கிவிடுவதை மருத்துவர்கள் கண்டார்கள். முரசு கொட்டுவோரின் வாதம் என்று பெயரிட்டார்கள். பின்னால்தான் அது வாதமில்லை, குச்சியைப் பிடித்து ஓயாமல் ஆட்டியதில் நாண் தேய்ந்து அறுந்ததென்று புரிந்தது.

ஆபரேஷனே வேண்டாம் என்று நினைப்பவர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பிளேட் வைக்காமல், விலகாத சின்ன முறிவுக்கு மாவுக்கட்டு மட்டும் போட்டவர்களுக்கும் இந்த நாண் சில வாரங்களில் அறுவதுண்டு. எலும்பு விலகாததால் நாணின் உறையும் கிழியாமல் இருக்கும். உள்ளே கசிந்த ரத்தம் அந்த இறுகிய உறைக்குள் அழுத்தி, நாணுக்கு வரும் கொஞ்ச ரத்தத்தையும் நிறுத்திவிடுகிறது என்று விளக்குகிறார்கள். திருப்பதிக்குப் பக்கத்தில் புத்தூருக்குப் போய் பச்சிலையும் மூங்கில் பத்தையும் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தவருக்கும் இதே விதிதான். கட்டு போட்டவரைத் திட்டுவதில் நியாயமில்லை. ஆனால் கட்டு அவிழ்த்தபின் கட்டைவிரல் எழும்புகிறதா என்று யாராவது பார்க்க வேண்டும்.

பார்ப்பது எளிது. உள்ளங்கையை மேஜை மேல் தட்டையாக வைத்து, கட்டைவிரலை மட்டும் மேலே தூக்க வேண்டும். தூக்க முடிந்தால் நீட்டும் நாண் பத்திரம். பிறகு கட்டைவிரலின் அடிக்கணுவை மறு கையால் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்க வேண்டும். மடங்கினால் முன்பக்க நாண் பத்திரம். ஆட்காட்டி விரலுக்கும் அப்படியே.

நாண் பெரும்பாலும் எச்சரிக்காமல் அறுவதில்லை. கட்டைவிரலை மடக்கும்போது மணிக்கட்டின் முன்பக்கம் ‘கறுக் கறுக்’ என்ற உணர்வு, எழுதும்போது அல்லது துணி பிழியும்போது தழும்புக்கருகே வலி, காரணமில்லாத வீக்கம், கிள்ளிப் பிடிப்பதில் பலக்குறைவு - இவை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வந்துபோகும். எலும்பு சேர்ந்த பிறகு புதிதாகத் தொடங்கும் வலி என்பதுதான் முக்கியமான அடையாளம். முறிவின் வலி குறைந்துகொண்டே போக வேண்டும். குறைந்த வலி மறுபடி ஏறினால், அது முறிவின் மிச்சமில்லை. இந்த நிலையில் அல்ட்ராசவுண்ட் பரிசோதனை நன்றாக உதவும். விரலை அசைக்கச் சொல்லி, நாண் பிளேட்டின் மேல் போய்வருவதை ஓடும் படமாகவே பார்க்கலாம். இந்தக் கட்டத்தில் பிளேட்டை எடுத்துவிட்டால் பெரும்பாலும் நாண் பிழைத்துக்கொள்ளும். ‘குளிர்காலம், வயசு, அப்படித்தான் இருக்கும்’ என்று வலி மாத்திரையில் ஓட்டினால் அறும். கீல்வாதத்தால் நாண்கள் நலிந்தவர்களும், நீண்டகாலம் ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்களும் இன்னும் சீக்கிரம் போய்க் காட்டுவது நல்லது.

அப்படியானால் எல்லாருக்குமே எலும்பு சேர்ந்ததும் பிளேட்டை எடுத்துவிடலாமே? இந்த யோசனையைப் பெரும்பாலான டாக்டர்கள் ஏற்பதில்லை. ஏற்காததில் நியாயம் உண்டு. எடுப்பதும் ஒரு ஆபரேஷன். மயக்க மருந்து, கிருமித் தொற்று, பழைய தழும்பினூடே நரம்பையும் ரத்தக்குழாயையும் தள்ளிப் போகும் சிரமம் எல்லாம் அதிலும் இருக்கின்றன. டைட்டானியத் திருகாணிகள் பிளேட்டோடு இறுகி, தலை வழுக்கிக் கழலாமல் அடம்பிடிக்கும். நன்றாக உட்கார்ந்த பிளேட்டைத் தொந்தரவு செய்ய வேண்டாம். துருத்தி நிற்பதையும் தொல்லை கொடுப்பதையும் தள்ளிப்போடாமல் எடுக்க வேண்டும். இதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

கருத்து வேறுபாடு அதற்கு முந்தைய கேள்வியில்தான். இத்தனை பேருக்கு பிளேட் தேவையா?

பிரிட்டனில் 18 ஆஸ்பத்திரிகளில் 461 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2014-இல் வெளியானது. தோலைத் திறக்காமலே எலும்பை நேராக்க முடிந்த முறிவுகளில் பாதிப் பேருக்கு லாக்கிங் பிளேட், பாதிப் பேருக்கு மெல்லிய கம்பிகள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது கையின் செயல்பாட்டில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. கம்பி மலிவு, சில வாரத்தில் உருவிவிடலாம். அதே குழுவினரின் அடுத்த ஆய்வு 2022-இல் வந்தது. 500 பேர். இம்முறை கம்பியையும் வெறும் மாவுக்கட்டையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருட முடிவில் அதிலும் வித்தியாசம் இல்லை. மாவுக்கட்டு போட்டவர்களில் எட்டில் ஒருவருக்கு எலும்பு மறுபடி நழுவி ஆறு வாரத்துக்குள் ஆபரேஷன் தேவைப்பட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இவற்றுக்கு முன்பே, 2011-இல், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக் நகரில் 65 வயதைத் தாண்டிய 73 பேரிடம் நடந்த ஆய்வு பிளேட்டையும் மாவுக்கட்டையும் நேரடியாக ஒப்பிட்டது. பிளேட் வைத்தவர்களின் எக்ஸ்-ரே அழகாக இருந்தது, பிடியின் பலமும் கூடுதல். ஆனால் ஒரு வருடத்தில் அன்றாட வேலைகளில் இரு தரப்பும் சமம். சிக்கல்கள் பிளேட் தரப்பில்தான் அதிகம். கோணலாகச் சேர்ந்த மணிக்கட்டோடு சமையலும் பூஜையும் செய்துவரும் நம் பாட்டிகள் இந்த முடிவைக் கேட்டு ஆச்சரியப்படமாட்டார்கள்.

மூட்டே பிளந்த முறிவோடு வரும் முப்பது வயது தச்சருக்கு இந்த வாதம் பொருந்தாது. அவருக்கு பிளேட்தான் சரி. இன்னும் முப்பது வருடம் அந்த மணிக்கட்டு உளியும் சுத்தியும் பிடிக்க வேண்டும். ஆனால் எழுபத்தைந்து வயதில் வீட்டுக்குள் நடமாடுபவருக்கு, இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்பதற்காகவோ எக்ஸ்-ரே பார்க்க நன்றாக இருக்கும் என்பதற்காகவோ பிளேட் வைப்பது வேறு விஷயம். ‘அப்பாவுக்குச் சிறந்ததையே பண்ணிடுங்க டாக்டர், செலவைப் பத்திக் கவலைப்படாதீங்க’ என்று வெளிநாட்டிலிருந்து போனில் பேசும் பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு.

நோயாளியிடம் எவ்வளவு சொல்ல வேண்டும் என்பது பற்றி 2008-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் விளக்கியது. சிகிச்சையின் தன்மை, பலன், மாற்று வழிகள், கணிசமான அபாயங்கள் ஆகியவற்றைச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். மிக அரிதான அபாயங்களை அடுக்கி நோயாளியை மிரட்ட வேண்டியதில்லை. நூற்றுக்கு ஒன்று கணிசமா, அரிதா என்று வக்கீல்கள் வாதாடலாம். ஆனால் இங்கே சொல்வதன் பயன் ஒப்புதல் படிவத்தோடு முடிவதில்லை. ‘கட்டைவிரலில் உரசலோ வலியோ தெரிந்தால், ஒரு வருடம் கழித்து என்றாலும் திரும்பி வாருங்கள்’ என்று டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி எழுதினால் ஒரு நாண் பிழைக்கும். ஆங்கிலத்தில் முறிவின் வகை, பிளேட்டின் துளை எண்ணிக்கை, கொடுத்த ஊசிகள் எல்லாம் எழுதும் சீட்டில் இந்த வரிக்குப் பெரும்பாலும் இடமிருப்பதில்லை. பீகாரிலிருந்து வந்து பெங்களூரில் கட்டட வேலை செய்யும்போது கை முறிந்தவர், பிளேட் வைத்த இரண்டாம் மாதம் ஊருக்குப் போய்விடுவார். அங்கே விரல் மடங்காமல் போனால் அவருடைய பழைய எக்ஸ்-ரே யாரிடம் இருக்கிறது? செல்போனில் அந்தப் படத்தை, குறிப்பாகப் பக்கவாட்டுப் படத்தை, எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வதற்குக்கூட யாருமில்லை.

அறுந்த பிறகு என்ன? முனைகளை இழுத்துத் தைத்துவிட முடியுமா என்று எல்லாரும் கேட்பார்கள். கத்தி வெட்டியிருந்தால் முடியும். உரசி அறுந்த நாணின் முனைகள் நைந்த துடைப்பம் மாதிரி இருக்கும். தசையும் மேலே சுருங்கிப் போயிருக்கும். முன்பக்க நாணுக்கு இடையில் ஒரு துண்டு ஒட்டுப்போடலாம். அந்தத் துண்டை எடுக்க உடம்பே ஒரு உபரி நாணை வைத்திருக்கிறது. கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்து மணிக்கட்டைச் சற்று மடக்கினால் நடுவில் புடைக்கும் கயிறு அதுதான். சிலருக்குப் பிறவியிலேயே அது இல்லை; இல்லாததால் நஷ்டமும் இல்லை. ஒட்டு சரிவராவிட்டால் மோதிர விரலின் இரு மடக்கு நாண்களில் ஒன்றைக் கட்டைவிரலுக்குத் திருப்பிவிடலாம். அதுவும் வேண்டாம் என்பவருக்கு நுனி மூட்டைப் பாதி மடங்கிய நிலையில் நிரந்தரமாக இறுக்கிவிடுவார்கள். கிள்ளிப் பிடிக்க அது போதும்.

பின்பக்க நாண் அறுந்தால் ஆட்காட்டி விரல் கடன் கொடுக்கிறது. அந்த விரலை நீட்ட இரண்டு நாண்கள் உண்டு. ஒன்றை எடுத்துக் கட்டைவிரலில் தைக்கிறார்கள். ஒரு நாணின் வேலையை இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுக்கும் இந்தக் கலையில் நம் நாட்டுக்குப் பெருமைக்குரிய பங்கு இருக்கிறது. 1914-இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1948-இலிருந்து தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு நாண் மாற்று ஆபரேஷன்களைச் செய்து காட்டினார். தையல் ஆறிய பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது என்பது அங்கே வந்தவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். கையில் பட்டியோடு சில வாரம், பிறகு பயிற்சி. கட்டைவிரலைத் தூக்கு என்றால் முதலில் ஒன்றும் நடக்காது. ஆட்காட்டி விரலை நீட்டப் போவதாக நினைத்துக்கொள் என்று பயிற்சியாளர் சொல்வார். நினைத்ததும் கட்டைவிரல் எழும்பும். நோயாளி சிரித்துவிடுவார். சில வாரத்தில் மூளை புது வழியைப் பழகிக்கொள்ளும். பிறகு எந்த விரலை நினைக்கிறோம் என்ற யோசனையே இல்லாமல் பொத்தான் போட முடியும்.